கணுக்காலில் பாதிப் பெயர்

ஸ்பெயின் கால்பந்து வீரர் சாண்டி கசோர்லாவின் மகள் பெயர் இந்தியா. அந்தப் பெயரைத் தன் இடது முன்கையில் பச்சை குத்தியிருந்தார். 2017இல் அவருடைய வலது கணுக்காலில் திறந்து கிடந்த புண்ணை மூடத் தோல் தேவைப்பட்டது. மருத்துவர்கள் முன்கையிலிருந்து ஒரு துண்டை எடுத்து அங்கே ஒட்டினார்கள். எடுத்த இடத்தில் பச்சை இருந்ததால் பெயரில் ஒரு பகுதி கையிலேயே நின்றுவிட, மறுபகுதி குதிகாலுக்கு மேலே போய் உட்கார்ந்துகொண்டது. இணையத்தில் தேடினால் புகைப்படம் கிடைக்கும். சாப்பிடும்போது பார்க்க வேண்டாம்.

நான் ஆர்சனல் ரசிகன். அதனால் காயங்களைப் பற்றிக் கொஞ்சம் தெரியும்.

விளையாட்டாகச் சொல்லவில்லை. பள்ளியில் உயிரியல் வகுப்பில் மண்டையில் ஏறாத உடற்கூறியல் எல்லாம் எனக்கு மேட்ச் பார்த்துத்தான் ஏறியது. 2008 பிப்ரவரி 23, ப்ளஸ் டூ பொதுத்தேர்வு நெருங்கிக்கொண்டிருந்த சனிக்கிழமை. பர்மிங்காமில் ஆட்டம் தொடங்கி மூன்றாவது நிமிடத்தில் எடுவர்டோவின் இடது கால் உடைந்தது. பிரிட்டிஷ் தொலைக்காட்சி அந்தக் காட்சியை மறுபடி போட மறுத்தது. அன்று லீக்கில் முதலிடத்தில் இருந்த அணி, சீசன் முடியும்போது மூன்றாவதாக நின்றது. இரண்டு வருடம் கழித்து, அதே பிப்ரவரி மாதம், ஸ்டோக் மைதானத்தில் 19 வயது ஆரன் ராம்சியின் கால் இரண்டு எலும்பும் முறிந்து தொங்கியது. அதற்குப் பிறகு பல வருடங்கள், ராம்சி அந்த ஊருக்கு ஆடப் போகும்போதெல்லாம் உள்ளூர் ரசிகர்கள் அவரைப் பார்த்துத்தான் கூச்சல் போட்டார்கள். உடைத்தவன் எங்கள் ஆள், உடைபட்டவன் வேற்று ஆள். ரசிக மனசு அவ்வளவு எளிமையானது.

இந்தக் கட்டுரை அந்த மனசைப் பற்றியது. மனித உடம்புகள் முறிவதைப் பார்த்துக்கொண்டே ஒரு விளையாட்டை எப்படி நேசிக்கிறோம்? முறிந்தவர்களில் யாரை ஞாபகம் வைத்துக்கொள்கிறோம், யாரை விட்டுவிடுகிறோம்?

*

2012 செப்டம்பர் 2, ஞாயிற்றுக்கிழமை. எனக்கு வேலை கிடைத்து இரண்டே மாதம். துரைப்பாக்கத்தில் ஒரு மேன்ஷன் அறையில் நான்கு பேர், ஒரு லேப்டாப். லிவர்பூலின் ஆன்ஃபீல்ட் மைதானத்தில் ஆர்சனல். வான் பெர்சி அந்தக் கோடையில்தான் மான்செஸ்டர் யுனைடெட்டுக்குப் போயிருந்தார். முதல் இரண்டு ஆட்டங்களில் நாங்கள் ஒரு கோல்கூடப் போடவில்லை. துக்க வீட்டில் உட்கார்ந்திருப்பது மாதிரிதான் உட்கார்ந்திருந்தோம்.

அன்று நடுக்களத்தில் இரண்டு பேர் ஆடினார்கள். ஒருவர் புதிதாக வந்த கசோர்லா. உயரம் ஐந்தரை அடி, எந்தக் காலில் ஆடுகிறவர் என்றே கண்டுபிடிக்க முடியாது. கார்னரை ஒரு நாள் வலது காலில் அடிப்பார், இன்னொரு நாள் இடது காலில். இன்னொருவர் அபு டியாபி. ஆறடியைத் தாண்டிய உயரம், அந்த உயரத்துக்குப் பொருந்தாத மென்மை. மூன்று பேர் சூழ்ந்தாலும் பந்தைக் காலோடு இழுத்துக்கொண்டு, கூட்டமான பேருந்தில் படிக்கட்டுக்கு வழி கண்டுபிடிப்பவர் போல நழுவி வெளியே வந்துவிடுவார். 2-0 வெற்றி. முதல் கோலுக்குப் பாஸ் கொடுத்தவர் கசோர்லா, இரண்டாவதை அடித்தவரும் அவர்தான். ஆனால் ஆட்டம் முடிந்ததும் அறையில் நாங்கள் பேசியது டியாபியைப் பற்றி. "மச்சி, இவன் மட்டும் ஒரு சீசன் முழுசா ஆடிட்டான்னா..." என்றான் ஒருவன். அந்த வாக்கியத்தை யாரும் முடிக்கவில்லை. ஆர்சனல் ரசிகர்கள் எல்லாரும் ஏழெட்டு வருடம் முடிக்காமல் வைத்திருந்த வாக்கியம் அது.

டியாபியின் கதை 2006 மே 1ஆம் தேதி சண்டர்லண்டில் தொடங்குகிறது. அவருக்கு 19 வயது. ஆர்சனல் 3-0 என்று முன்னிலையில் இருக்கிறது. எதிரணி ஏற்கெனவே லீக்கிலிருந்து இறங்குவது உறுதியாகிவிட்ட அணி. ஆட்டம் கூடுதல் நிமிடங்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. யாருக்கும் எதற்கும் பயன்படாத ஒரு பந்துக்காக வந்த டேக்கிளில் அவருடைய கணுக்கால் உடைந்தது. அடுத்த இரண்டு வாரத்தில் சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டம், அதுவும் அவர் பிறந்து வளர்ந்த பாரிஸ் பக்கத்தில். அதில் அவர் ஆடவில்லை. கால் கூடியது, ஆனால் பழையபடி கூடவில்லை. ஒரு மூட்டு சரியாக மடங்காவிட்டால் அதன் வேலையை வேறு ஏதோ ஒரு தசை செய்ய வேண்டும். அந்தத் தசை தனக்கு விதிக்கப்படாத சுமையைத் தூக்கி ஒரு நாள் கிழியும். கெண்டைக்கால், தொடை, முழங்கால் என்று காயம் உடம்புக்குள் ஊர் ஊராகப் போனது. ஒன்பது வருட ஆர்சனல் வாழ்க்கையில் 42 காயங்கள் என்று பத்திரிகைகள் எண்ணின.

ஆன்ஃபீல்டில் அப்படி ஆடிய ஏழாவது மாதம், 2013 மார்ச்சில், பயிற்சியின்போது அவருடைய முழங்கால் ஜவ்வு கிழிந்தது.

*

கசோர்லா அதற்குப் பிறகும் மூன்று வருடம் எங்களுக்கு விருந்து வைத்தார். 2014 எஃப்.ஏ. கோப்பை இறுதியில் ஹல் சிட்டிக்கு எதிராக எட்டே நிமிடத்தில் 0-2. ஒன்பது வருடமாகக் கோப்பையே இல்லாத அணி. 17ஆவது நிமிடத்தில் தூரத்திலிருந்து ஒரு ஃப்ரீ கிக் அடித்து, நாங்கள் மூச்சு விடலாம் என்று சொன்னவர் அவர். அன்று 3-2 என்று வென்ற கோலை அடித்தவர், ஸ்டோக்கில் கால் முறிந்த அதே ராம்சி.

ஆனால் கசோர்லாவின் வலது கணுக்காலில் 2013லிருந்தே வலி. சிலி அணிக்கு எதிரான ஒரு நட்பு ஆட்டத்தில் எலும்பில் விழுந்த விரிசலோடு அவர் ஆடிக்கொண்டிருந்தார். முதல் பாதி சமாளித்துவிடலாம், இடைவேளையில் கால் ஆறிவிட்டால் வலி ஆரம்பித்துவிடும் என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

2016 அக்டோபர் 19. சாம்பியன்ஸ் லீக்கில் பல்கேரிய அணி லுடோகொரெட்ஸ். இந்திய நேரப்படி நள்ளிரவு தாண்டி ஆரம்பித்த ஆட்டம், காலையில் எனக்கு ரிலீஸ் இருந்தது. 6-0 வெற்றி, ஓசில் ஹாட்ரிக். இரண்டாம் பாதியில் கசோர்லாவை மாற்றி வெளியே எடுத்தார்கள். 6-0 ஆட்டத்தில் முக்கியமான ஆளை ஓய்வுக்கு அனுப்புவது வழக்கம்தானே. அவர் மைதானத்தை விட்டு நடந்து வெளியே போன அந்தக் காட்சியை நான் பார்த்தேனா, அந்த நேரத்தில் தண்ணீர் குடிக்க எழுந்து போனேனா என்பது இன்றுவரை ஞாபகத்துக்கு வரவில்லை. ஆர்சனலுக்காக அவர் ஆடிய கடைசி ஆட்டம் அது.

ரசிகனுக்கு இது ஒரு விசித்திரமான வதை. கடைசி முறை என்பது நடக்கும்போது யாரும் மணியடித்துச் சொல்வதில்லை.

மூன்று வாரம் என்றார்கள், பிறகு மூன்று மாதம். அறுவை செய்த தையல் ஆறவில்லை. ஆறாத புண்ணுக்குள் கிருமி போனது. ஒன்றன்பின் ஒன்றாக எட்டு அறுவைகளுக்குக் குறையாமல் நடந்தன. தோட்டத்தில் மகனோடு மறுபடி நடக்க முடிந்தால் அதையே பெரிதாக நினைத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு மருத்துவர் அவரிடம் சொன்னாராம். கடைசியில் ஸ்பெயினின் விட்டோரியா நகரில் மிக்கேல் சான்செஸ் என்ற மருத்துவர் திறந்து பார்த்தபோது குதிகால் தசைநாணில் 8 சென்டிமீட்டர் காணவில்லை. கிருமி தின்றிருந்தது. குதிகால் எலும்பையும் கொஞ்சம் தின்றிருந்தது. கால் போயிருக்க வேண்டியது. அங்கேதான் கையிலிருந்த 'இந்தியா' காலுக்கு வந்தது.

*

என் கதை இவ்வளவு பெரிது இல்லை. 2024 ஜூலை, புதன்கிழமை இரவு பத்து மணி, பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் ஒரு டர்ஃப். ஆறுக்கு ஆறு. எங்கள் ஆபீஸ் ஆட்களும் நண்பர்களும். யாரும் என்னை இடிக்கவில்லை. பந்தை வாங்கி இடது பக்கம் திரும்பினேன். உடம்பு திரும்பியது, ஸ்டட் புல்லில் சிக்கிக்கொண்டு பாதம் அங்கேயே நின்றது. இரண்டுக்கும் நடுவில் இருந்த முழங்காலில் 'டப்' என்று ஒரு சத்தம். கோலியாக நின்றவனுக்குக்கூடக் கேட்டதாம். ஸ்கேன் வந்ததும் வீட்டில் அம்மா உறவினர்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொன்ன வார்த்தை: "முட்டி ஜவ்வு கிழிஞ்சிருச்சு." அந்த ஜவ்வுக்கு ஏ.சி.எல். என்று பெயர். முழங்காலுக்குள் குறுக்கே ஓடும் ஒரு தசைநார். நம் சுண்டுவிரல் நீளம்கூட இருக்காது. பெரும்பாலும் அது இப்படித்தான், யாரும் தொடாமல், ஒரு திருப்பத்தில் கிழிகிறது.

ஆபரேஷனில் தொடையின் பின்பக்கத் தசைநாணில் ஒரு துண்டை வெட்டி எடுத்து, எலும்புகளில் துளை போட்டு, அதன் வழியாக நுழைத்துப் புது ஜவ்வாகக் கட்டுகிறார்கள். எனக்கு ஆச்சரியமாக இருந்தது அதற்குப் பிறகு நடப்பது. அந்தத் துண்டுக்குப் புது இடத்தில் ரத்த ஓட்டம் கிடையாது. உள்ளே வைத்த சில வாரங்களில் அதிலுள்ள செல்கள் செத்துப்போகின்றன. பிறகு மெல்ல மெல்ல ரத்தக் குழாய்கள் வளர்ந்து, புது செல்கள் குடியேறி, தசைநாணாக இருந்தது தசைநாராக வாழக் கற்றுக்கொள்கிறது. இதற்கு மாதக் கணக்காகும். இந்த இடைக்காலத்தில் அது வைத்த அன்று இருந்ததைவிடப் பலவீனமாக இருக்கும். ஆனால் அதே வாரங்களில்தான் வீக்கம் வற்றும், வலி போகும், மாடி ஏறலாம், 'இனிமேல் ஓடலாமே' என்று தோன்றும்.

என் பிசியோதெரபிஸ்ட் என்னைவிட ஏழெட்டு வயது இளையவர். இரண்டாவது மாதம் நான் மெதுவாக ஓடிப் பார்க்கட்டுமா என்று கேட்டபோது, "சார், வலி இல்லன்னா உள்ள ரெடி ஆயிருச்சுன்னு அர்த்தம் இல்ல" என்றார். ஒரு துண்டில் அதை எழுதி மானிட்டரில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

என் தொழிலில் 'ரோல்பேக்' என்று ஒன்று உண்டு. புதிதாகப் போட்ட மாற்றம் கணினியைக் கெடுத்துவிட்டால், நேற்றுவரை ஒழுங்காக ஓடிய பழைய பதிப்புக்கு ஒரு கட்டளையில் திரும்பிவிடலாம். நடுவில் நடந்தது நடக்காதது மாதிரி ஆகிவிடும். கால்பந்தில் 'கம்பேக்' என்ற சொல்லை நாம் இந்த அர்த்தத்தில்தான் பயன்படுத்துகிறோம். காயம் ஓர் இடைவேளை, விளக்கு அணைந்து மறுபடி எரியும், அதே படம் விட்ட இடத்திலிருந்து ஓடும் என்று. உடம்பில் ரோல்பேக் கிடையாது. தொடையிலிருந்து எடுத்தது எடுத்ததுதான், அந்தத் தொடையில் இப்போது ஒரு பலம் குறைவு. கையிலிருந்து எடுத்த தோல் கையில் இல்லை. ஓர் இடத்தைச் சரிசெய்ய உடம்பு இன்னோர் இடத்தில் கடன் வாங்குகிறது. திரும்பி வருகிறவர் வேறு ஆள். அவர் பழைய ஆளின் சட்டையைப் போட்டிருக்கிறார், அவ்வளவுதான்.

படுத்துக்கிடந்த மாதங்களில் ஆர்சனல் பெண்கள் அணியின் நான்கு பேரைப் பற்றி நிறையப் படித்தேன். 2022 நவம்பரில் பெத் மீட். டிசம்பரில் விவியன் மீடமா. 2023 ஏப்ரலில் லியா வில்லியம்சன். மே முதல் தேதி லாரா வீன்ரோய்தர். ஒரே அணியில், ஒரே சீசனில், நான்கு பேருக்கும் இதே ஏ.சி.எல். பெண் வீரர்களுக்கு இந்தக் காயம் ஆண்களைவிட அதிகமாக வருகிறது. மீட், மீடமா, வில்லியம்சன் மூவரும் அந்த வருட உலகக் கோப்பையைத் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். 2025 மே 24 அன்று லிஸ்பனில் சாம்பியன்ஸ் லீக் இறுதி, எதிரே பார்சிலோனா. மாற்று வீரராக உள்ளே வந்த மீட் ஒரு பாஸ் கொடுக்க, பிளாக்ஸ்டெனியஸ் அடித்த ஒரே கோலில் ஆர்சனல் வென்றது. தற்காப்பில் வில்லியம்சன் நின்றார். நான் ஒரு காலில் நின்று பயிற்சி செய்துகொண்டே பார்த்தேன், கோல் விழுந்தபோது இரண்டு கால்களிலும் குதித்துவிட்டேன். ஆனால் அந்த அணியில் மீடமா இல்லை. முந்தைய வருடமே வேறு அணிக்குப் போயிருந்தார். ஒரே காயம், ஒரே உடை அணியும் அறை, வேறு வேறு கணக்குகள். கோப்பையைத் தூக்கும் படத்தை மட்டும் பார்த்து 'உழைத்தால் திரும்பலாம்' என்று ஒரு பாடம் எழுதிவிட முடியாது.

*

அப்படிப் பாடம் எழுதினால் டியாபியை என்ன செய்வது?

அவர் உழைக்காதவர் இல்லை. ஒவ்வொரு முறையும் ஜிம்முக்குப் போனார், தனியாக ஓடினார், திரும்பி வந்தார், நான்கு ஆட்டம் ஆடினார், மறுபடி விழுந்தார். 2014 செப்டம்பரில் லீக் கோப்பையில் சௌத்தாம்ப்டனுக்கு எதிராக ஆடியது ஆர்சனலுக்கான கடைசி ஆட்டம். 2015இல் மார்செய் போனார், அங்கும் விரல்விட்டு எண்ணும் ஆட்டங்கள்தான். 2019இல், 32 வயதில், முடித்துக்கொண்டார். ஒரு கடைசிக் கோல் கிடையாது, அழும் அரங்கம் கிடையாது. எங்கள் வாட்ஸாப் குழுவில் இன்றும் யாராவது ஆறு மாதத்தில் ரிப்பேராகும் போன் வாங்கினால் அதற்கு டியாபி என்றுதான் பெயர். தவறு செய்த நடுவர்களின் பெயர்கூட ஐந்து வருடத்தில் மறந்துபோகிறது, இந்தப் பெயர் கிண்டலாக நிலைத்துவிட்டது.

வெங்கர் அவரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அந்த முதல் டேக்கிளுக்குத்தான் திரும்பிப் போனார். அவருடைய சுபாவத்தில் எந்தக் குறையும் இல்லை, ஒருவர் செய்த முரட்டுத்தனத்துக்கு இவர் விலை கொடுக்கிறார் என்பது அவர் கட்சி. ரசிகர்களோ காயத்தைக் குணக்கேடாக மாற்றிவிடுவோம். 'கண்ணாடிக் கால்', 'மெத்தை ஆள்', 'சம்பளத்துக்குப் படுத்திருக்கான்'. எனக்குப் புரிந்தவரை இது கொடூரம் மட்டும் இல்லை, பயமும் இருக்கிறது. ஒழுங்காக வாழ்ந்த, திறமையுள்ள, உழைக்கிற ஒருவரின் வாழ்க்கை 3-0 ஆட்டத்தின் கூடுதல் நிமிடத்தில் காரணமே இல்லாமல் முடிந்துபோகலாம் என்பதை ஏற்பது கஷ்டம். அவர் பக்கம் ஏதோ குறை இருந்தது என்று சொல்லிவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாம்.

*

எங்கள் வீட்டிலேயே ஒரு டியாபி உண்டு. என் பெரியம்மா மகன், என்னைவிட ஐந்து வயது மூத்தவர். வடசென்னையில் வியாசர்பாடி, பெரம்பூர் பக்கம் வளர்ந்தவர்களுக்குத் தெரியும், அங்கே கிரிக்கெட்டை விடக் கால்பந்துக்கு மவுசு உள்ள தெருக்கள் இருக்கின்றன. அண்ணன் சென்னை லீக்கில் கீழ் டிவிஷன் ஒன்றில் லெஃப்ட் விங் ஆடினார். எனக்குக் கால்பந்து என்றால் முதலில் அண்ணன்தான், ஆர்சனல் பிற்பாடு வந்தது. அந்தப் பகுதியில் நன்றாக ஆடுகிற பையனுக்கு ஒரு கனவுதான்: ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை. மாதச் சம்பளம், அடையாள அட்டை, அம்மாவுக்கு மருத்துவச் செலவு. உலகக் கோப்பையெல்லாம் யாரும் கனவு காணவில்லை.

2007இல் அப்படி ஒரு வேலைக்கான தேர்வு ஆட்டத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது, ஹெட்டருக்கு எகிறி இறங்கியவருக்கு இடது முழங்கால் உள்ளே மடிந்தது. வீக்கம் பூசணிக்காய் மாதிரி. எக்ஸ்ரேயில் எதுவும் தெரியவில்லை, ஜவ்வு எக்ஸ்ரேயில் விழாது. எலும்புக் கட்டுப் போடுகிறவரிடம் கூட்டிப் போனார்கள். அவர் தொட்டுப் பார்த்து, எலும்பு நன்றாகத்தான் இருக்கிறது என்று உண்மையைத்தான் சொன்னார். எம்.ஆர்.ஐ. எடுக்கும் பணத்தில் இரண்டு மாத வீட்டு வாடகை கட்டலாம். ஆக, கட்டும் எண்ணெயும். பத்தாவது நாள் அண்ணன் தேர்வுக்குப் போனார். முதல் திருப்பத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு ஆபரேஷன் ஆன மறுநாள் பார்க்க வந்தார். ஆபீஸ் இன்சூரன்ஸ், தனி அறை, காலைச் சுற்றி ஐஸ் தண்ணீர் ஓடும் ஒரு மெஷின். எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்துவிட்டு, "உனக்கு இவ்ளோ, எனக்கு நீலகிரித் தைலம்" என்று சிரித்தார். அதில் பொறாமை இல்லை என்று எழுதினால் அவரை நான் குறைத்துவிடுவேன். இருந்தது. ஏன் இருக்கக் கூடாது? ஒரே பாட்டியின் பேரன்கள், ஒரே ஜவ்வு, 17 வருட வித்தியாசம். வாரத்துக்கு ஒரு நாள் பொழுதுபோக்குக்கு ஆடுகிற எனக்குப் புது ஜவ்வு கிடைத்தது. காலை நம்பி இருந்தவருக்குக் கிடைக்கவில்லை.

அண்ணன் ஆட்டோ ஓட்டுகிறார். ஆட்டோவில் கிளட்ச் கையில், பிரேக் வலது காலில், அதனால் இடது முழங்காலுக்கு வேலை இல்லை. காலை ஆறு மணிக்குச் சவாரிக்கு முன்னால் தெருப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். மாடிப்படி இறங்கும்போது மட்டும் கைப்பிடியைப் பிடித்துக்கொள்வார்.

மூன்றாவது மாதம், கம்பேக் பற்றிய வீடியோக்களாகப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், அவரிடம் கேட்டேன். "நீ ஏண்ணா அப்புறம் திரும்பி வர ட்ரை பண்ணல?"

"திரும்பி வர்றதுன்னா இன்னாடா? நான் எங்க போனேன்?" என்றார்.

நான் பேசாமல் இருந்தேன். அவரே தொடர்ந்தார். "வேலை போச்சு. அது வேற. அதுக்கு நான் இன்னும் ராத்திரில எழுந்து உக்காந்துப்பேன். ஆட்டம் போல. நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு வா, காட்றேன்."

இந்த இரண்டையும் அவர் பிரித்துச் சொன்னதை நான் பல நாள் யோசித்தேன். வேலை போனது ஒரு இழப்பு, அதற்கு ஆறுதல் கிடையாது. 'ஆட்டத்தின் மேல் இருந்த காதல் அவரைக் காப்பாற்றியது' என்று ஒரு வரி எழுதி அதை மூட முடியாது. ஆனால் அந்த இழப்புக்காக அவர் ஆட்டத்தைப் பழிவாங்கவும் இல்லை. டியாபிகளுக்குக் கால்பந்தில் இடம் உண்டா என்று கேட்டால், அந்த மைதானத்தில் கோடு போடச் சுண்ணாம்பு வாங்கி வருவது யார் என்று பார்த்தால் போதும்.

*

கசோர்லாவின் பிற்பகுதியையும் நான் இப்போது இப்படித்தான் வாசிக்கிறேன். 2018இல் வில்லாரியால் அவரை எடுத்துக்கொண்டது. அடுத்த வருடம் ஸ்பெயின் அணிக்கு மறுபடி அழைப்பு. எல்லாரும் அதிசயம் என்றார்கள். அதிசயத்தை நேரம் ஒதுக்கிப் பார்த்தால் அவருடைய ஆட்டம் மாறியிருந்தது தெரியும். பழைய வேகம் இல்லை. அதிகம் ஓடாமல், பந்தை ஒரு தொடுகையில் அனுப்பி, ஓட வேண்டிய வேலையைப் பந்துக்கே கொடுத்துவிட்டார்.

பிறகு கத்தார். பிறகு 2023இல், 38 வயதில், ரியல் ஒவியேடோ. அஸ்துரியாஸ் பகுதியில் அவர் சிறுவனாகச் சேர்ந்த கிளப். 2003இல் அந்தக் கிளப் கடனில் மூழ்கிக் கீழ் டிவிஷனுக்குத் தள்ளப்பட்டபோதுதான் அவர் வெளியேறியிருந்தார். 2012இல் மறுபடி மூழ்க இருந்தபோது உலகம் முழுக்க ரசிகர்கள் பங்கு வாங்கிக் காப்பாற்றினார்கள், அதில் அவரும் ஒருவர். இப்போது லீக் அனுமதிக்கும் குறைந்தபட்சச் சம்பளத்துக்குச் சேர்ந்தார். தன் பெயர் போட்ட சட்டை விற்பனையில் பத்து சதவீதம் சிறுவர் பயிற்சிக்குப் போக வேண்டும் என்றார்.

2024இல் முதல் டிவிஷனுக்கு ஏறும் இறுதி ஆட்டம்வரை போய்த் தோற்றார்கள். 39 வயதில் அப்படித் தோற்றால் பெரும்பாலானவர்கள் பூட்ஸைக் கழற்றிவிடுவார்கள். அவர் இன்னொரு வருடம் ஆடினார். 2025 ஜூன் 21 அன்று மறுபடி அதே இறுதி, மிராண்டெஸுக்கு எதிராக. முதல் ஆட்டத்தில் 0-1 தோல்வி. சொந்த மைதானத்தில் மறு ஆட்டத்திலும் முதலில் கோல் வாங்கிவிட்டார்கள். அப்போது ஒரு பெனால்டி. 40 வயது கசோர்லா அடித்தார். கூடுதல் நேரத்தில் 3-1 என்று முடிந்தது. 24 வருடம் கழித்து ஒவியேடோ முதல் டிவிஷனுக்குப் போனது.

நான் அழுதேன். அழுதுகொண்டே ஒன்றை நினைத்தேன். அந்தப் பெனால்டி அன்று தவறியிருந்தால்? முந்தைய வருடம் மாதிரியே தோற்றிருந்தால்? அப்போதும் அவர் செய்தது குறையாது. குறைந்த சம்பளம், தழும்பான கால், இரண்டாம் டிவிஷனின் மழை மைதானங்கள். முடிவு தெரியாமல்தான் அவர் அங்கே போனார். கோல் எங்களுக்குக் கிடைத்த போனஸ். ஆன்ஃபீல்டில் அந்த ஞாயிறு மாலை டியாபி ஆடியதும் அப்படியே. அதற்குப் பிறகு நடந்த எதுவும் அந்த 90 நிமிடத்திலிருந்து ஒரு நிமிடத்தைக்கூடப் பிடுங்க முடியாது. அறையில் அன்று முடிக்காமல் விட்ட வாக்கியத்தை நான் இனி முடிக்கப் போவதில்லை. ஒரு சீசன் முழுக்க ஆடியிருந்தால் என்னவாகியிருப்பார் என்பது வேறு. அவர் ஆடினார், நாங்கள் பார்த்தோம்.

ஜூலை முதல் வாரம் என் பிசியோ கடைசிப் பரிசோதனை வைத்தார். ஒரு காலில் தாவி எவ்வளவு தூரம் போகிறேன் என்று அளப்பார்கள், இரண்டு காலுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கக் கூடாது. தேறிவிட்டேன். "கால் ரெடி சார், தலை ரெடியான்னு நீங்கதான் சொல்லணும்" என்றார்.

அடுத்த புதன் இரவு டர்ஃபுக்குப் போனேன். இருபது நிமிடம் ஆடினேன். இடது பக்கம் ஒருமுறைகூடத் திரும்பவில்லை. பந்து வந்ததும் பக்கத்தில் இருப்பவனுக்குத் தட்டிவிட்டேன், அவன் ஓடினான். இந்த வாரமும் வாட்ஸாப்பில் பெயர் கேட்டிருக்கிறார்கள். ஒன்பதாவது ஆளாகப் போட்டிருக்கிறேன், இன்னும் மூன்று பேர் வேண்டும்.